பொது நெற்றி

தினேஷ்குமாரின் முகத்தில் எண்ணெய் வடியும் என்பது ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் யாரும் மறைத்துப் பேசாத விஷயம். சிலருக்குக் குரல் வளம், சிலருக்குக் கைராசி, அவனுக்கு நெற்றி. குளித்து, துடைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் நெற்றியும் மூக்கும் தாடையும் அப்போதுதான் தாளித்து இறக்கியதைப்போல மினுக்கும். அவனுடைய அம்மா சாந்தம்மா அதை 'முகக் களை' என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அவன் வேலை பார்த்த கம்பெனியில் கார்களுக்குக் கியர் சக்கரம் செய்தார்கள். பகலெல்லாம் கிரீஸில் ஊறிய கையை, வீட்டுக்குக் கிளம்பும் முன் மரத்தூளும் சோப்புப் பவுடரும் போட்டுப் பரபரவென்று தேய்த்துக் கழுவுவார்கள். கழுவிக் கழுவி முக்கால்வாசிப் பேருக்கு விரல் நுனி காய்ந்த பட்டாணிபோல ஆகிவிட்டது. காலையில் கேட்டில் உள்ள பஞ்ச் மெஷினில் கட்டைவிரலை வைத்தால், உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி, "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்பாள். அவள் "தேங்க்யூ" சொன்னால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. சொல்லாவிட்டால், நாள் முழுக்க நின்று கியர் அறுத்தாலும் அன்றைக்கு நீ வேலைக்கே வரவில்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் அங்கே எல்லாருக்கும் தெரியும். கட்டைவிரலை மூக்கோரம் ஒரு இழுப்பு இழுத்து, அந்தப் பிசுக்கோடு வைத்தால் ரேகை விழுந்துவிடும். முதல் ஷிப்டுக்குள் நுழைகிற வரிசை முழுக்க மூக்கைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற வெளியூர் லாரி டிரைவர்கள், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். தன் மூக்கிலேயே சரக்கு இல்லாதவர்கள் தினேஷ்குமாரிடம் வருவார்கள்.

"தினேசு, நெத்தியக் கொஞ்சம் காட்டுடா."

காட்டுவான். மறுக்கத் தெரியாத பிள்ளை. கோயில் பிரசாதத்தைத் தொட்டு எடுப்பதுபோல ஒவ்வொருவராகத் தொட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து மெஷின்காரனும் ஒரே தெருக்காரனுமான ஆஸ்டின் இதில் ஒரு மேனேஜர் மாதிரி நின்று, "தள்ளாதீங்கப்பா, எல்லாருக்கும் இருக்குது" என்று வரிசையை ஒழுங்குபடுத்துவான்.

தினேஷ்குமாருக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. அவனுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை இரண்டு இடத்தில் பெண் பார்த்திருந்தார்கள். இரண்டு வீட்டிலும், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், அனுப்பவில்லை. இரண்டாவது வீட்டில் அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, "பையனுக்கு வட சுடற எடத்துலயா வேல?" என்று பெண்ணின் அத்தை உள்ளே கேட்டது அவன் காதில் நன்றாக விழுந்தது. அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

மூன்றாவது இடத்தைத் தரகர் ஜோதியம்மாள் கொண்டுவந்தாள். பெண் ராயக்கோட்டை, பெயர் ரஞ்சிதா. உத்தனப்பள்ளியில் ரேஷன் கடை விற்பனையாளர். அப்பா முனீஸ்வரன் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம். ஜோதியம்மாள் செல்போனில் போட்டோவைக் காட்டினாள். பெண் சிரிக்கவில்லை. ஆனால் வருகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தினேஷ்குமார் போனைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோய், ஜோதியம்மாள் அதைக் கேட்டு வாங்கும்படி ஆயிற்று. இந்த இடம் மட்டும் கைநழுவிப் போகக் கூடாது என்று அவனுக்கு மனசில் விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் எதற்கும் அவன் சாமியிடம் தனியாக விண்ணப்பம் வைத்ததில்லை. இதற்கு வைத்தான்.

அவனுடைய போட்டோவை எடுத்தது தம்பி ராமப்பன். ஓசூர்ப் பக்கத்தில் வேலை இல்லாமல் இருப்பவனை ரியல் எஸ்டேட் செய்கிறான் என்று சொல்வது வழக்கம். ராமப்பனும் ரியல் எஸ்டேட் செய்துகொண்டிருந்தான். ஃபில்டர் போட்டு முகத்தை வழவழப்பாக்கி அனுப்பலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சாந்தம்மா அதை எடுத்தது எடுத்தபடியே ஜோதியம்மாளுக்கு அனுப்பிவிட்டாள். அதில் அவன் நெற்றியில் டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது. என்ன அதிசயமோ, பெண் வீட்டிலிருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று பதில் வந்தது.

நேரில் போகிறபோது இந்த எண்ணெய் இருக்கக் கூடாது என்று தினேஷ்குமார் முடிவு செய்தான். கரி கலந்த ஃபேஸ்வாஷ் ஒன்று, எலுமிச்சை போட்டது ஒன்று, 'ஆயில் கன்ட்ரோல்' என்று எழுதிய ஒன்று என்று வாங்கி வந்தான். எழுந்ததும் ஒரு கழுவல். டீ பிரேக்கில் ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். வீட்டுக்கு வந்ததும் கடலை மாவு. துடைத்தபின் விரலால் கன்னத்தைத் தேய்த்துப் பார்ப்பான். கிறீச் என்று சத்தம் வந்தால்தான் விடுவான்.

இரண்டு மூன்று நாளில் கன்னம் இழுத்துப் பிடித்தது. சிரித்தால் வலித்தது, அதனால் சிரிப்பதை நிறுத்தினான். எண்ணெய் நின்றுவிட்டது.

கேட்டில் முதல் இடி விழுந்தது. வழக்கம்போல நெற்றியைத் தொட்டு எடுத்துக்கொண்டு போன ஆஸ்டினிடம் வெள்ளைக்காரி, "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றாள். ஆஸ்டின் திரும்பி வந்து இன்னொரு தடவை எடுத்தான். மறுபடியும் அதேதான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முயன்று பார்த்தார்கள். அன்றைக்குக் கியர் செக்‌ஷனில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அந்தப் பாதிப் பேரும் சாயங்காலம் கான்டீனில் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னாடா இது அநியாயம்? திடீர்னு நிறுத்திட்டா நாங்க எங்கடா போறது?" என்றான் ஆஸ்டின்.

"என் மொகம்டா அது."

"ஒன் மொகம்தான், யாரு இல்லன்னது? அதுக்காக ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

அவன் பெண் பார்க்கப் போவதைச் சொன்னான். கூட்டம் கொஞ்சம் இளகியது. கல்யாணம் என்றால் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்வது, திங்கட்கிழமையிலிருந்து அவன் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் அவன் கன்னத்தில் இருந்த சிவப்பைப் பார்த்து ஆஸ்டினுக்கே பயம் வந்து, முதலுதவி அறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே நர்ஸ் ஃபெபா இருந்தாள். வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடுகிற அலுப்போடு அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன தடவ கழுவறீங்க?"

சொன்னான்.

"இது மொகமா, பார்க்கிங் தரையா?" என்றாள் ஃபெபா. "தோலுக்குன்னு ஒரு எண்ணெ இருக்குதுங்க. அது அழுக்கு இல்ல. உள்ள இருக்கிற ஈரம் போவாம, வெளிய இருக்கிற தூசு உள்ள வராம அதுதான் காவல் நிக்குது. நீங்க காவக்காரனையே அடிச்சுத் தொரத்திட்டீங்க. காலைல, சாயந்தரம், ரெண்டு வேள பச்சத் தண்ணி போதும். சோப்பு வேணும்னா நொர கம்மியா, வாசன இல்லாததா வாங்குங்க. துண்டு போட்டுத் தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள லேசா இந்த க்ரீம்."

"கிறீச்சுன்னு சத்தம் வர்றதில்லையே சிஸ்டர், அப்புடிக் கழுவுனா?"

"பாத்திரம் கழுவறப்பதான் கிறீச்சுன்னு வரணும்."

அவன் க்ரீமை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். தடவவில்லை. க்ரீம் தடவினால் மினுக்கும். மினுக்கக் கூடாது என்பதற்குத்தானே இவ்வளவு பாடு? நல்லது சொன்னால் நாலு நாள் கழித்துக் கேட்கிற ஜாதி அவன்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து கை கழுவப் போனபோதுதான் அந்த யோசனை வந்தது. அவர்கள் கம்பெனியில் கியருக்கு மேல்பூச்சு பூசும் முன் எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிடுவார்கள். துளி எண்ணெய் மிஞ்சினாலும் பூச்சு ஒட்டாது என்பது பால பாடம். கைக்கும் அப்படி ஒன்று உண்டு. குழாயடியில் ஒரு டப்பாவில் மணல்போல நறநறக்கும் மஞ்சள் பேஸ்ட் இருக்கும். ரொம்பப் பிடித்த கிரீஸுக்கு மட்டும்தான் அதைத் தொடுவார்கள். கியர் கிரீஸையே எடுக்கிறது, கேவலம் ஒரு முகம் என்று தினேஷ்குமார் நினைத்தான். சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. உள்ளங்கை நிறைய எடுத்து, முகத்தில் அப்பி, கியரைத் தேய்ப்பதுபோல நிதானமாகத் தேய்த்தான்.

கழுவிவிட்டுக் கன்னத்தைத் தொட்டபோது கிறீச் என்ற சத்தம் கூட வரவில்லை. சரசரவென்று வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் எதிர்வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, "ராமப்பா, அந்த மனை என்னா வெல சொல்றாங்க?" என்று கேட்டார். தினேஷ்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஒரே உயரம், ஒரே மூக்கு, ஒரே காது. ஊரில் இருவரையும் பிரித்துக் காட்டியது ஒன்றே ஒன்றுதான், அதை அவன் சற்றுமுன் குழாயடியில் கழுவி விட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் கிளம்பினார்கள்: தினேஷ்குமார், சாந்தம்மா, ஜோதியம்மாள். ராமப்பனைக் கூட்டிவர வேண்டாம் என்று ஜோதியம்மாள்தான் சொன்னாள். அவன் வந்தால் பெண் பார்க்கிற பேச்சு மனை பார்க்கிற பேச்சாக மாறிவிடும் என்பது அவள் அனுபவம். பஸ்ஸில் ஜன்னல் காற்று முகத்தில் பட்டபோது, தினேஷ்குமாருக்கு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. தாடையோரம் தோல் சின்னச் சின்னச் செதிலாக உதிர்ந்தது. சாந்தம்மா பவுடரை எடுத்து மேலே தட்டிவிட்டாள். வெள்ளையடித்த சுவர் பெயர்ந்த மாதிரி ஆயிற்று.

முனீஸ்வரன் வாசலுக்கே வந்து கும்பிட்டார். நெற்றி நிறைய விபூதி. கும்பிட்ட கை பாதியில் நின்றது. தினேஷ்குமாரைப் பார்த்தார், போனை எடுத்து அதிலிருந்த போட்டோவைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். ரஞ்சிதாவின் அத்தை அவர் காதருகே குனிந்து தெலுங்கில் ஏதோ ரகசியம் சொன்னாள். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கில் ரகசியம் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்று. 'போட்டோவில் இருக்கிறவன் இவன் இல்லை' என்று அவள் சொன்னது, வந்த மூன்று பேருக்கும் புரிந்தது.

காபித் தட்டோடு ரஞ்சிதா வந்தாள். பவுடர் கூடப் போட்டுக்கொள்ளவில்லை. மூக்கின் மேலும் நெற்றியிலும் லேசான மினுமினுப்பு. பவுடர் போட மாட்டேன் என்றதற்காகக் காலையிலிருந்து அத்தையிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் தினேஷ்குமாருக்குத் தெரியாது. உலகத்தில் தன்னைத் தவிர இன்னொருத்திக்கும் மூக்கு மினுங்குகிறது என்பது மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் சிரிக்கப்போய், உதடு வெடித்து, சிரிப்பு முகச்சுளிப்பாக முடிந்தது.

முனீஸ்வரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, வெயில் காலத்துல உத்தனப்பள்ளி ஏரிக்குள்ள கூட்டிட்டுப் போயி எனக்கு மன காட்டினது நீதான?"

சாந்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது சின்னவன் வேலை என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"அது என் தம்பிங்க, ராமப்பன்," என்றான் தினேஷ்குமார்.

"அவனும் அன்னிக்கு, எதுனாலும் எங்கண்ணனக் கேளுங்கன்னுதான் சொன்னான்."

"நெசமா நான் தினேஷ்குமார்தாங்க. கியர் கம்பெனில வேல."

"போட்டோல இருக்கிற பையனுக்கு நெத்தி எப்புடி பளபளன்னு இருக்குது, நீ எப்புடி இருக்கற? பொட்டிக்கு மேல நல்ல பழத்த அடுக்கி, அடில அழுகல வெக்கிறது நான் தெனம் பாக்கற வேல தம்பி. பெரியவனக் காட்டி, சின்னவனத் தள்ளிவிடப் பாக்கறீங்களா?"

"அய்யோ தேவுடா," என்றாள் ஜோதியம்மாள். இத்தனை வருஷத் தரகில், மாப்பிள்ளை மாப்பிள்ளையே இல்லை என்ற குறை அவளுக்கும் புதிது.

தினேஷ்குமார் ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தான். முனீஸ்வரன் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். ஆதாரில் யாரும் யாரைப்போலவும் இருப்பதில்லை. "அண்ணன் கார்ட தம்பி எடுத்துட்டு வர எவ்ளோ நேரம் ஆவும்?" என்று திருப்பிக் கொடுத்தார். சொல்வது நியாயம்தான். முகம் மினுங்குகிறது என்று இரண்டு இடம் போயிற்று, மினுங்கவில்லை என்று இது போகப்போகிறது. சாந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழ ஆயத்தமானாள்.

"ஒரு நிமிசம் இருங்க," என்றாள் ரஞ்சிதா. "ரேஷன் கார்டு வெச்சிருக்கீங்களாம்மா?"

சாந்தம்மாவின் பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் அது எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தாள். ரஞ்சிதா உள்ளே போய்க் கடையின் கைரேகை மெஷினை எடுத்துவந்தாள். கடையில் கரண்ட் போயிருந்ததால் சார்ஜ் போட வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கார்டைக் காட்டியதும் திரையில் வீட்டு ஆட்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. சாந்தம்மா, தினேஷ்குமார், ராமப்பன். அவள் நடுப்பெயரைத் தொட்டாள்.

"கட்டவெரல வெய்ங்க. தினேஷ்குமார்னா விழும். தம்பின்னா விழாது."

வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ம்ம்," என்றார் முனீஸ்வரன்.

இன்னொரு தடவை வைத்தான். சிவப்பு. பழக்க தோஷத்தில் விரலை நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தான். செதில் உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. மறுபடியும் சிவப்பு. கம்பெனியே அவன் நெற்றியை நம்பி உள்ளே போன காலம் ஒன்று இருந்தது. அந்த நெற்றி இன்றைக்கு அதன் சொந்தக்காரனையே கைவிட்டுவிட்டது.

"காஞ்சி போயிருக்குது," என்றாள் ரஞ்சிதா அவன் விரலைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து முகத்தையும் பார்த்தாள். "மொகத்துக்கு என்னா போட்டீங்க?"

அவன் பொய் சொல்லலாமா என்று யோசித்தான். அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"கம்பெனில கிரீஸ் எடுக்கற பேஸ்ட்டுங்க. எண்ணெ வழியுதுன்னு ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க. நீங்களும் அப்புடிச் சொல்லிடுவீங்கன்னு…"

அத்தை, "அட கர்மமே" என்றாள். ரஞ்சிதா சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டாள். போட்டோவில் பார்த்த அதே அடக்கம்.

"வந்த போட்டோலயே ஃபில்டர் போடாதது உங்களது ஒண்ணுதான். அதுக்குத்தான் வரச் சொன்னேன்," என்றாள்.

"சமையக்கட்டுல தேங்கா எண்ணெ இருக்குது, கொண்டாரட்டா?" என்றாள் ஜோதியம்மாள்.

"வேணாங்க. அது வழுக்கும், கண்ணாடில அப்பிக்கும். தோலோட எண்ணெதான் இதுக்குச் சரி. கடைக்கு வர்றவங்கள நெத்தியத் தொட்டு வெக்கச் சொல்லித்தான் போடுவேன்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனீஸ்வரன் நெற்றியில் விபூதி. அத்தை முகத்தில் பவுடர், ஜோதியம்மாள் முகத்தில் அதைவிடப் பவுடர். சாந்தம்மா பஸ்ஸில் மகனுக்குத் தட்டியதில் மிச்சத்தைத் தானும் தட்டிக்கொண்டிருந்தாள். விசேஷத்துக்கு என்று அந்த வீட்டில் பூசாத முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ரஞ்சிதா மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள்.

"எடுத்துக்கங்க," என்றாள்.

தினேஷ்குமாருக்கு வியர்த்தது. எத்தனையோ பேருக்கு நெற்றியைக் காட்டியவன், ஒருவர் நெற்றியையும் தொட்டு அறியாதவன். முனீஸ்வரனைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டுக்கு மேலே, வகிட்டுக்குக் கீழே, கட்டைவிரலால் லேசாக ஒரு தரம் தொட்டு எடுத்தான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த விரலை அப்படியே மெஷினில் வைத்தான்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 'தினேஷ்குமார்' என்று வந்தது.

ரேஷன் சாமான் எதுவும் பதிவு போடாமல் ரஞ்சிதா மெஷினை அணைத்தாள். முனீஸ்வரன் அதை வாங்கி, அணைந்த திரையைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஜாதகம் பாக்கறது, பொருத்தம் பாக்கறது எல்லாம் இருக்கட்டும்," என்று ஜோதியம்மாள் முந்திக்கொண்டாள். "பத்துப் பேரு முன்னால பொண்ணு நெத்தியத் தொட்டாச்சு. இதுக்கு மேல சொல்லி அனுப்பறோம்னு சொன்னா ஊரு சிரிக்கும்."

இருந்தது ஆறு பேர்தான். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"பூவக் கொண்டா," என்றார் முனீஸ்வரன் அத்தையிடம். பிறகு தினேஷ்குமார் பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்கு ஒந் தம்பி வருவான்ல? அவங்கிட்ட எனக்குப் பேச்சு இருக்குது" என்றார்.

தினேஷ்குமாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தடுக்க முடியவில்லை. வெந்த கன்னத்தில் அது இறங்கி இறங்கி எரிந்தது. எரிச்சலா, சந்தோஷமா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சட்டைக் கையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைக்கப் போனான்.

ரஞ்சிதா கொடியிலிருந்து ஒரு பழைய பருத்தித் துண்டை உருவி அவனிடம் நீட்டினாள்.

"தேய்க்காதீங்க," என்றாள். "ஒத்தி எடுங்க."

இந்தத் தடவை அவன் கேட்டான்.